உதட்டில் விரல் வைத்த மாரன்

நண்பர் ஒருவரின் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலே ஒரு சிறு பீங்கான் உருவம் இருக்கின்றது. ஒரு சாண் உயரந்தான் இருக்கும். முகிலின் விளிம்பிலே அமர்ந்த ஒரு சிறகு முளைத்த குழந்தை. ஒரு கைவிரலை உதட்டின்மேல் வைத்துப் பேசாதே என எச்சரிக்கின்றது. மறு கையோ ஓசைப்படாமல் அம்பறாத் தூணியிலிருந்து ஓர் அம்பை உருவுகின்றது. உரோமர் கியூப்பிட் என வழங்கிய இவனை நம்மவர் மாரன் என்று கூறினாற் பிழையாகாது. நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழம்பொருள்களில் ஆசை மிக்கவர். எங்கோ ஓர் ஏலத்தில் இதனை வாங்கி, பிரான்சிய மன்னன் பதினைந்தாம் லூயியின் காலத்துப் பொருள் என்று நம்பிப் பலகாலம் போற்றி வந்தார்.

ஒருநாள் அதனை என் கையிலே தந்தார். அடியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு ‘எல்’ எழுத்துக்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் செவ்ர் ஆலையின் குறி நீல மையால் எழுதப்பட்டிருந்தது. அக்குறியைக் கண்டுதான் நண்பர் ஏமாந்தார். மினுக்குப் பூச்சில்லாத பழைய செவ்ர் உருவங்களிலே வர்ணக் குறி பெரும்பாலும் இராது. ஈரக்களியிற் கீறிய ஓர் எழுத்தே இருக்கும். பீங்கானின் நிறமும் பழையதன் பாற்கட்டி போன்ற வெண்மையன்று; குளிர்ந்த, கூசும் வெண்மை. இது பழையதைப் புதிதாகச் செய்வதில் மோகம் கொண்டிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு என்று நான் கூறியபோது நண்பரின் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் கழித்து, அப்படியானால் இதனை முதலிற் செய்தவன் யார் என்று கேட்டார். அன்று அவருக்கு விடை கூற எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டியிருந்தது. அவருக்குச் சொன்னவற்றையே இங்கே சற்று விரித்து எழுதுகின்றேன்.

எத்தியன் மொரிஸ் பல்கொனே 1716ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதி பாரிஸ் நகரிலே பிறந்தான். பெற்றோர் வறியவர். பிள்ளையைத் தச்சுத்தொழில் பழக விட்டனர். உளியும் மரமுமாகப் பகற்பொழுது கழிய, ஓய்ந்த நேரத்திலே களிமண்ணை உருட்டி உருவங்கள் செய்து வந்தான் சிறுவன். அவ்வுருவங்கள் எவ்வாறோ அரசவைச் சிற்பியாகிய ஜோன் பப்தீஸ்த் லெமுவானின் கண்ணிற் பட்டன. லெமுவான் அவனைத் தம் மாணவனாக ஏற்றார். பள்ளிக்கூடம் கண்டறியாத இளைஞன் சிற்பச்சாலையிலே வேலை செய்துகொண்டே இலத்தீனும் படித்தான். பிற்காலத்தில் உரோம ஆசிரியர் பிளினி கலைகளைப் பற்றி எழுதிய பகுதிகளை இவனே பிரெஞ்சிற் பெயர்த்தான் என்றால் அப்படிப்பின் ஆழம் விளங்கும். தானே முயன்று கற்றவரிடம் காணப்படும் ஒரு குணமும் இவனிடம் வாழ்நாள் முழுவதும் இருந்தது. பெரியோர் சொன்னார்கள் என்பதற்காக எதனையும் ஏற்கமாட்டான், எவரோடும் வாதாடுவான், வாதத்தில் வென்ற பின்னும் நிறுத்தமாட்டான்.

பாரிஸிலே சிற்பி ஒருவன் தலை நிமிர வேண்டுமானால் அரச கலைக்கழகத்தின் உறுப்பினனாக வேண்டும். பல்கொனே எடுத்துக்கொண்ட பொருள் குரோத்தோன் நகரத்து மல்லன் மைலோன். பிளந்த மரத்திலே கை சிக்கிக்கொள்ள, சிங்கத்துக்கு இரையாகும் பலசாலியின் கதை அது. அதன் மாதிரியை 1744இல் காட்டினான். பளிங்கிலே முடித்து முழு உறுப்பினனாகியது 1754இல். இடைப்பட்ட பத்தாண்டு அவனுக்கு இலகுவாகக் கழிந்திராது. இன்று லூவர் நூதனசாலையிலே உள்ள அச்சிலையைப் படங்களிற் பார்ப்போர், அலறும் வாயும் முறுக்கேறிய தசையுமாகிய அக்கோரத்தையும் உதட்டில் விரல் வைத்த குழந்தையையும் ஒரே கை செய்தது என நம்புவது அரிது.

அக்கையை மென்மையின் பக்கம் திருப்பியவள் பொம்பதூர் சீமாட்டி. மன்னனின் அன்புக்குரியவளாகி, பின்னர் அவனது அறிவுத் துணையாகவும் விளங்கிய அப்பெண்மணியைப் பற்றி வரலாற்றாசிரியர் பலவாறு கூறுவர். கைவினைஞர்க்கு அவள் செய்த உதவியை மாத்திரம் எவரும் மறுப்பதில்லை. பாரிஸிலே தனக்கிருந்த எவ்ரே மாளிகைக்கென அவள் கேட்டுக்கொண்டதே எச்சரிக்கும் மாரன் சிலை. அம்மாளிகை இன்று பிரான்சியக் குடியரசுத் தலைவரின் இருப்பிடமாகிய எலிசே. பளிங்குச் சிலை 1757இல் நிறைவெய்தியது. அதே ஆண்டுக் கண்காட்சியில், நீரிலே கால்விரலை மெல்ல வைத்துக் குளிர் பார்க்கும் இளம்பெண் ஒருத்தியின் சிலையும் வைக்கப்பட்டது. இரண்டும் பாரிஸை மயக்கின. மாரன் எவ்வளவுக்குப் புகழ் பெற்றானெனில், பத்தாண்டின் பின் ஓவியர் பிராகொனார் ஊஞ்சலாடும் பெண்ணின் படத்தைத் தீட்டியபோது, தோட்டத்து மூலையிலே இம்மாரனையே நிறுத்தி, அங்கு நடக்கும் களவுக் காதலுக்குக் காவல் வைத்தார்.

அந்த 1757ஆம் ஆண்டிலேதான் பல்கொனே செவ்ர் பீங்கான் ஆலையின் சிற்பப் பகுதிக்குத் தலைவனாக அமர்த்தப்பட்டான். இவ்விடத்தில் ஆலையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

சீனத்துப் பீங்கானின் இரகசியம் ஐரோப்பாவிலே முதன்முதல் வெளிப்பட்டது ஜெர்மனியில். 1710 முதல் மைசென் ஆலை உண்மைப் பீங்கானைச் செய்துவந்தது. அதற்கு இன்றியமையாத கயோலின் என்னும் வெண்களி பிரான்சியருக்கு 1768 வரை அகப்படவில்லை. ஆகவே அவர்கள் மணலையும் வெடியுப்பையும் வேறு சில உப்புக்களையும் சேர்த்து உருக்கி, அதனைப் பொடியாக அரைத்துச் சுண்ணமண்ணோடு கலந்து, ஒருவகைப் போலிப் பீங்கானை ஆக்கினர். மென்பீங்கான் என்று அதற்குப் பெயர். கையாளுவதற்கு அதைப் போலத் தொல்லை தரும் பொருள் வேறில்லை. பிசைந்தால் ஒட்டாது, ஒட்டுவதற்குச் சவர்க்காரமும் பிசினும் கலப்பர், சூளையிலே சிறிது வெப்பம் மிஞ்சினாற் குழைந்து சரிந்துவிடும். இத்தனை குறையுடைய பொருள், தப்பிப் பிழைத்து வெளியே வந்தால் மெழுகு போன்ற ஒரு மென்மையுடன் விளங்கும். பாரிஸுக்குக் கிழக்கே வன்சென் கோட்டையிலே 1740இல் தொடங்கிய இவ்வாலை, 1756இல் செவ்ருக்கு மாறியது. 1759இல் மன்னனே அதனைத் தன் உடைமையாக்கிக்கொண்டான்.

மைசென் உருவங்கள் மினுக்குப் பூசி வர்ணந் தீட்டப்பட்டவை. செவ்ர் கலைஞர் அவற்றோடு அந்த வழியிலே போட்டியிட முடியாது என்று கண்டு, வேறொரு துணிவான வழியைப் பிடித்தனர். 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஓவியர் பஷ்லியேயின் மேற்பார்வையிலே, பூச்சும் வர்ணமும் இன்றி ஒருமுறை சுட்ட வெள்ளை நிலையிலேயே உருவங்களை விடத் தொடங்கினர். பிஸ்கற் என்று இதற்குப் பெயர். தோற்றத்திலே பளிங்கை ஒக்கும். பூச்சு ஒரு போர்வை; விரலின் மடிப்பு, கூந்தலின் இழை முதலியவற்றை மூடிவிடும். கூடவே பொட்டையும் வெடிப்பையும் மறைக்கவும் செய்யும். பிஸ்கற்றிலே மறைக்க ஒன்றுமில்லை. சிற்பி செய்தது செய்தபடி தெரியும்.

மாதிரியைச் சிற்பி களிமண்ணிலே செய்வான். அதன்மேற் பரிஸ் சாந்தினால் அச்செடுப்பர். தலை, கை, கால், உடை, மரக்கிளை என ஓர் உருவம் பல துண்டு அச்சுக்களாகப் பிரியும். மென்களியை அச்சுக்களில் அமுக்கி எடுத்து, நீர்த்த களியினாலே துண்டுகளை ஒட்டி, ஒட்டுவாயைத் துடைத்து, மங்கிப்போன கண்ணிமையையும் விரல் நகத்தையும் சிறு கருவிகளாற் கூர்மையாக்குவது ஒரு தனித்தொழில். அதைச் செய்தோரின் பெயர்களை இன்று எவர் நினைக்கின்றனர்? அவர்களின் கை நடுங்கியிருந்தால் பல்கொனேயின் புகழ் சூளைக்குள்ளே சாம்பலாகியிருக்கும். காய்ந்த உருவத்துக்கு, சுடும்போது சரியாதபடி அதே களியால் முட்டுக்கொடுத்துச் சூளையில் ஏற்றுவர். வெளிவரும்போது உருவம் சுருங்கியிருக்கும். முட்டும் அதே அளவு சுருங்க வேண்டும் என்பதாலேயே அதே களி.

இவ்வாலையிலே பல்கொனே ஒன்பது ஆண்டு இருந்தான். முதலில் அரசவை ஓவியர் பூஷேயின் படங்களைத் தழுவி இடையர் சிறுவர், இடைச்சியர், மாயவிளக்குப் பார்க்கும் குழந்தைகள் முதலிய கூட்டங்களைச் செய்தான். பின்னர்த் தன் பளிங்குச் சிலைகளையே சிறிதாக்கிப் பீங்கானில் வார்த்தான். மாரனும் குளிக்கும் பெண்ணும் 1758இல் பிஸ்கற்றாயின. மாரனுக்குத் துணையாகச் சைக்கி என்னும் பெண்ணுருவம் 1761இல் வந்தது. 1763ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைத்த பிக்மாலியன் சிலைக்கும் அதே ஆண்டில் பீங்கான் வடிவம் கிடைத்தது. தான் செதுக்கிய சிலையின்மேற் காதல்கொண்ட சிற்பியின் முன்னே சிலை உயிர்பெறும் கணத்தைக் காட்டுவது அது. தத்துவஞானியும் கலைக்களஞ்சிய ஆசிரியருமாகிய திதரோ அச்சிலையைக் கண்டு பரவசப்பட்டு எழுதினார். சாப்பாட்டு மேசையின் நடுவிலே சர்க்கரைப் பாகினால் உருவங்கள் செய்து அடுக்கும் வழக்கம் இருந்த பிரபுக்கள் வீட்டில், சர்க்கரையின் இடத்தை இவ்வெள்ளைப் பீங்கான் பிடித்துக்கொண்டது. விருந்து முடிந்ததும் துடைத்து அலுமாரியில் வைக்கக்கூடிய சிற்பம்! சிற்பக்கலை அரசன் தோட்டத்திலிருந்து இறங்கி ஒரு மேசைக்கு வந்த வரலாற்றை நான் இங்கேயே காண்கின்றேன். இதனைக் கலையின் வீழ்ச்சி என்று கருதுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

பொம்பதூர் 1764இல் இறந்தாள். ஆதரித்தவள் போனபின் பல்கொனேயின் மனம் வேறு திசையை நாடியது போலும். வயது ஐம்பதை நெருங்கியது. பெருஞ்சிலை ஒன்று செய்யும் வாய்ப்பு அதுவரை கிட்டவில்லை.

இக்காலத்திலே அவனுக்கும் திதரோவுக்கும் இடையே தொடங்கிய கடித வாதமே அவன் வாழ்வின் மையம் என்பது என் எண்ணம். 1765ஆம் ஆண்டு முடிவில் அது தொடங்கியது. கலைஞன் யாருக்காக வேலை செய்கின்றான் என்பதே கேள்வி. வருங்காலத்தார் நம்மை நினைப்பர் என்ற நம்பிக்கையே பெருஞ்செயல்களின் ஊற்று என்று திதரோ வாதித்தார். சமயத்தில் நம்பிக்கையில்லாத அவருக்கு மறுமையின் இடத்தில் இருந்தது அதுவே. பல்கொனே உடன்படவில்லை. செத்தவன் காதில் விழாத புகழ் எதற்கு? வேலையின் இன்பம் வேலையிலேயே இருக்கின்றது. உயிரோடிருக்கும் நல்லறிஞர் சிலரின் மதிப்பே போதும். எத்தனையோ பழஞ்சிலைகள் பெயரும் தெரியாமல் அழிந்தன, நாளை எது மிஞ்சும் என்று யாரறிவார் என்று எழுதினான். பக்கம் பக்கமாக நீண்ட அவ்வாதத்தில் எவரும் தோற்கவில்லை. இருவரும் நண்பராகவே இருந்தனர். அன்று மாத்திரம்.

ருஷ்ய அரசி கதரீன், மகா பீற்றரின் சிலையொன்றைச் சென் பீற்றேஸ்பேர்க்கிலே நாட்ட விரும்பித் தக்க சிற்பியைத் தேடியபோது, பல்கொனேயின் பெயரைச் சொன்னவர் திதரோவே. பிறர் கேட்டதைவிட மிகக் குறைந்த 2,00,000 லீவர் கூலிக்குப் பல்கொனே ஒப்பினான். பணத்தாசை பிடித்தவன் என்று அவன் பகைவரும் கூறியதில்லை. 1766இன் இலையுதிர்காலத்திலே செவ்ரை விட்டு வடக்கே புறப்பட்டான். உடன் சென்றவள் மாணவி மரி ஆன் கொலோ. வயது பதினெட்டு. ஊரார் பலவாறு பேசினர், இருவரும் பொருட்படுத்தவில்லை.

கொலோவின் திறமைக்கு ஒரு சம்பவம் சான்று. திதரோவின் மார்பளவுச் சிலையைப் பல்கொனே செய்திருந்தான். கொலோவும் ஒன்று செய்தாள். மாணவி செய்ததைப் பார்த்த ஆசிரியன், சுத்தியலை எடுத்துத் தான் செய்ததை உடைத்துவிட்டான். திதரோ தாமே இதனை எழுதி வைத்திருக்கின்றார். வாதத்தில் எவருக்கும் விட்டுக்கொடாத மனிதன் கலையில் விட்டுக்கொடுத்த இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும். பீற்றரின் சிலைக்குரிய தலையை அவன் செய்து பார்த்தவை அரசிக்குப் பிடிக்கவில்லை. கொலோ செய்த தலையே ஏற்கப்பட்டது. அவன் அதனை மறைக்கவில்லை. அரசி கொலோவுக்கு ஆயுட்காலக் கொடைப்பணம் வழங்கினாள்.

ருஷ்யாவில் அவன் பட்ட பாடு பெரிது. மேற்பார்வைக்கு அமர்ந்த பெத்ஸ்கோய் என்னும் பிரபு, உரோமிலுள்ள மார்க்கஸ் ஒரேலியஸின் குதிரைச் சிலையைப் போல அமைதியாக நடக்கும் குதிரையே வேண்டுமென்றார். பல்கொனேயோ பாறையொன்றின்மேற் பாய்ந்தேறி முன்னங்கால் தூக்கிய குதிரையை எண்ணியிருந்தான். அத்தோடு நில்லாமல், உரோமச் சிலையின் குதிரை குதிரையே அன்று என 1771இல் ஒரு நூலே எழுதிவிட்டான். அந்தச் சிலையை அவன் நேரிற் கண்டதில்லை என்பதைப் பகைவர் சுட்டிக்காட்டத் தவறவில்லை. இத்தாலிக்குப் போகாமலே பெருஞ்சிற்பியானவன் அவன். பீற்றரின் ஒரு கண் கடற்படை மாளிகையையும் மறுகண் அரசாங்கக் கட்டடங்களையும் நோக்க வேண்டும் என்று பெத்ஸ்கோய் யோசனை கூறியதாகவும் ஒரு கதை உண்டு.

குதிரை எழும் பாவனையைக் கற்பதற்காகச் செயற்கை மேடொன்று கட்டுவித்து, வீரனொருவனை மீண்டும் மீண்டும் அதன்மேற் குதிரையேறி வரச்செய்து, அந்தக் கணத்தை வரைந்துகொண்டான். எழுந்த குதிரை இரண்டு பின்னங்காலில் மாத்திரம் நிற்க முடியாது. ஆகவே காலடியில் மிதிபடும் பாம்பொன்றை அமைத்து, வாலை அதன்மேற் படியவிட்டான். சூளையிலே முட்டுக்கொடுக்கும் வித்தையை ஒன்பதாண்டு பார்த்தவன் அல்லவா? பாம்பு பீற்றரின் பகைவரைக் குறிக்கும் என்று அறிஞர் கூறுவர்; சரிதான். முதலில் அது ஒரு முட்டு.

பீடத்துக்கென 1768இல் லக்தா என்னும் ஊரருகே சதுப்பிற் புதைந்த பாறை கண்டுபிடிக்கப்பட்டது. மின்னல் தாக்கியது என்பதால் இடிக்கல் என்பர். அதன் எடை ஏறக்குறைய 1,500 தொன். கர்பூரி என்ற கிரேக்கப் பொறியியலாளர், நிலம் உறைந்திருக்கும் மாரிகாலத்திலே, பள்ளம் வெட்டிய தண்டவாளங்களில் வெண்கல உருண்டைகளை இட்டு, அவற்றின்மேற் பாறையை உருட்டினார். நானூறு பேர் கயிறு சுற்றும் பொறிகளைச் சுற்றினர். நகரும் பாறையின்மேலேயே கல்தச்சர் இருந்து செதுக்கிக்கொண்டு போயினர். கடற்கரைக்கு இழுத்து, தனியாகக் கட்டிய மிதவையிலேற்றி, 1770இன் செப்ரெம்பரிலே நகரத்தில் இறக்கினர். அவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த மலையைப் பல்கொனே தன் சிலைக்கு ஏற்பச் செதுக்கிச் சிறிதாக்கினான். பாறையை வீணாக்கினான் என்று நகரமே பழித்தது.

வெண்கலம் வார்க்க வந்த கைவினைஞனோடும் ஒத்துப்போகவில்லை. தானே வார்ப்பதென்று துணிந்தான். 1775 ஓகஸ்ட் மாதம் உருகிய உலோகத்தை விட்டபோது அச்சு வெடித்து வெண்கலம் பட்டறையிற் கொட்டியது, தீப்பற்றியது. சிற்பி உட்பட எல்லோரும் ஓட, கைலோவ் என்ற ருஷ்ய வார்ப்பாளர் ஒருவர் நின்று, உயிரையும் பாராது உலோகத்தை அச்சினுள்ளே திருப்பினார். சிலையின் கீழ்ப்பகுதி தப்பியது. மேற்பகுதி 1777இல் மீண்டும் வார்க்கப்பட்டது.

இதற்கிடையில் நட்பும் உடைந்தது. 1773இல் திதரோ அறுபது வயதிலே, அரசியைக் காணவும் நண்பனோடு தங்கவும் ருஷ்யா வந்து சேர்ந்தார். பல்கொனேயின் மகன் வந்து தங்கியிருப்பதால் இடமில்லை என்று பதில் கிடைத்தது. நெடும்பயணத்தால் நோயுற்றிருந்த முதியவர் வேறிடந் தேடிப் போனார். ஆயினும் சிலையின் மாதிரியைப் பார்த்தபின் மனம் நிறைந்து புகழ்ந்து எழுதினார். அந்தப் பெருந்தன்மைக்குப் பல்கொனே ஈடு செய்ததாகத் தெரியவில்லை.

அரசியின் அன்பும் வற்றியது. 1778இல், சிலை நாட்டப்படு முன்னரே, பல்கொனே ருஷ்யாவை விட்டுப் போனான். 1782 ஓகஸ்டிலே திரை நீக்கும் விழா நடந்தபோது சிற்பி அங்கே இல்லை, அழைக்கப்படவுமில்லை. பாறையிலே அரசியின் பெயரும் பீற்றரின் பெயரும் பொறிக்கப்பட்டன. பின்னாளில், 1833இல், கவிஞர் புஷ்கின் எழுதிய காவியத்தினாலே அது வெண்கலக் குதிரைவீரன் எனப் பெயர் பெற்றது. 1941 முதல் நாற்சியர் நகரை முற்றுகையிட்ட நாள்களிலே மக்கள் மணல்மூட்டை அடுக்கி அதைக் காத்தனர். வருங்காலத்தின்மேல் நம்பிக்கையில்லாதவனுக்கு வருங்காலம் செய்த மரியாதை இது. திதரோ இருந்திருந்தால் வாதத்தில் ஒரு புள்ளி தமக்கென எழுதியிருப்பார்.

பாரிஸுக்கு மீண்டவன் எழுதியவற்றையெல்லாம் 1781இல் லோசான் நகரிலே ஆறு தொகுதிகளாக வெளியிட்டான். வாழ்நாள் முழுவதும் காண ஏங்கிய இத்தாலிக்கு 1783இல் புறப்பட ஆயத்தமானான். புறப்படவிருந்த நாளிலே பாரிசவாதம் வந்து விழுந்தான். பின்னர் எட்டாண்டு படுக்கை. உளி தொடவே முடியவில்லை. பார்த்துப் பணிவிடை செய்தவள் கொலோ. 1777இல் அவள் அவன் மகனையே மணந்திருந்தாள், மணம் சிறக்கவில்லை, கணவனைப் பிரிந்தவள் கணவனின் தந்தையை, தன் ஆசிரியனை, கைவிடவில்லை. அவளுடைய உளியும் அந்த ஆண்டுகளிலே ஓய்ந்துவிட்டது. பல்கொனே 1791 ஜனவரி 24இல் இறந்தான். அதே ஆண்டு மகனும் இறந்தான்.

அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது. மாரனும் இடைச்சியும் வீழ்ந்த பிரபுக்களின் விளையாட்டுப் பொருள்களாகக் கருதப்பட்டு இகழப்பட்டனர். 1800இல் செவ்ரின் தலைவராக வந்த பிரொஞ்யார், சிறந்த விஞ்ஞானி. தொல்லை மிக்க மென்பீங்கானை அடியோடு நிறுத்திப் பழைய இருப்பையும் விற்றுவிட்டார். நல்லவேளையாக மாதிரிகளும் அச்சுக்களும் ஆலையிலே தங்கின.

ஒரு தலைமுறை கழிந்ததும் காற்று மாறியது. 1830களில் பொந்தென்புளோ ஊரிலே ஜாக்கோப் பெத்தி என்பவர், வளைவும் பூவும் மிகுந்த பழைய றொக்கொக்கோப் பாணியிலே பீங்கான் செய்து பெரும்பொருள் ஈட்டினார். மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி, சிரச்சேதம் செய்யப்பட்ட அரசி மரி அந்துவானெத்தின் நினைவிலே மூழ்கியவள். 1867இல் திரியனோன் சிறுமாளிகையில் அவளுடைய பொருள்களைக் கண்காட்சியாகவும் வைப்பித்தாள். கொன்கூர் சகோதரர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கலையைப் போற்றி நூல் எழுதினர். தாத்தாவின் தலையை வெட்டிய நாடு பேரன் காலத்திலே தாத்தாவின் கதிரையைத் தேடி அலைந்தது! ஆலைகளும் ரெயிலும் பெருகிய காலத்தில் புதுப்பணம் படைத்தோருக்குப் பழங்குடிப் பெருமையொன்று தேவைப்பட்டது. அதனைப் பீங்கான் கடையிலே வாங்க முடிந்தது.

1845இல் பாரிஸிலே எட்மே சம்சோன் தொடங்கிய தொழில் இவ்வகையிற் பெயர்போனது. உடைந்த பழம் பாத்திரத் தொகுதிகளுக்குக் குறைந்த உருப்படிகளைச் செய்துகொடுப்பதே முதலில் நோக்கம். மகன் காலத்தில் மைசென், செவ்ர், செல்சி, சீனம், யப்பான் என எதனையும் பார்த்துச் செய்யும் பெருநிறுவனமாக வளர்ந்து, 1969 வரை நடந்தது. நூதனசாலைக்காரரையே மயங்கவைத்த பொருள்கள் அங்கிருந்து வந்தன. செவ்ர் ஆலையும் தன் பழைய அச்சுக்களிலிருந்து, இப்போது வன்பீங்கானிலே, பல்கொனேயின் உருவங்களை மீண்டும் வெளியிட்டது. அதற்கு மேல் பெயர் தெரியாத சிறு ஆலைகள் எத்தனையோ, நீலக் குறியை எழுதி உலகெங்கும் மாரனை அனுப்பின. நண்பரின் அலுமாரிக்கு வந்தவனும் அவ்வாறு வந்தவன்தான்.

போலி என்று இவற்றை ஒதுக்கிவிடலாமா? பழையதென்று பொய்க்குறி இட்டு விற்பது களவு. அதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் அச்சிலே ஊற்றி ஆயிரமாகப் பெருக வேண்டுமென்றே பிறந்த உருவம் அது. 1758இன் பிஸ்கற்றும் பளிங்குக்கு ஒரு பிரதிதான். நான் அறிந்த வேறுபாடு விரலிலே இருக்கின்றது. பழைய உருவத்தின் படங்களில் உதட்டைத் தொடும் விரலுக்கும் உதட்டுக்கும் நடுவே மூச்சு விடும் அளவுக்கு ஓர் இடைவெளி தெரியும். நண்பரின் மாரனுக்கு விரல் உதட்டோடு ஒட்டிக்கிடக்கின்றது. ஒட்டுவாயைத் துடைத்தவன் அவசரப்பட்டிருக்கிறான்.

இதைக் காட்டியபோது நண்பர் நெடுநேரம் கண்ணாடி வில்லையால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அடியிலிருந்த விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு, உருவத்தை அதே இடத்தில் வைத்தார். கொலோவுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். அவள் லொரேன் மாகாணத்திலே ஒரு நிலம் வாங்கி ஒதுங்கி வாழ்ந்து 1821இல் இறந்தாள் என்றும், அவளும் பல்கொனேயும் செய்தவற்றுட் சில, அவள் மகள் வழியாக நான்சி நகரத்து நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன என்றும் கூறினேன். அவள் தன் ஆசிரியனைச் செதுக்கிய பளிங்குத் தலை சென் பீற்றேஸ்பேர்க்கிலே, ஏர்மித்தாஜ் நூதனசாலையில் இருக்கின்றது.